கடலைக் காயவைத்த பதினோரு நாள்

பெட்டி மலிவாகத்தான் வந்தது.
மதுரைக்கு மீன் ஏற்றிப்போன லாரியின் முதுகு.
அடிச்சட்டம் இற்றுப்போய்
தொண்டி ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
வண்டியில்லாமல் கிடந்தது.
குளிரை வெளியே விடாத சுவர்
சூட்டையும் விடாது என்றாள் பிளாவியா.
சரிதான் என்றேன்.
மீன் வாடையைப் பற்றி அன்று
இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

உள்ளே இருபது கன அடி பூவரசு.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர்,
நெளியாமலிருக்க உச்சியில் சிமெண்டுக் கல்.
எரவாடி ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டோம்:
மொத்தமாக மரம் வைத்திருக்கும் தண்ணீர்
நூற்றைம்பத்து மூன்று லிட்டர்.
அதில் நூற்றுப்பத்து வெளியே வந்தால் போதும்.
நாளுக்கு எட்டுக்கு மேல் பிடுங்கினால்
பலகை வாய்பிளக்கும்.

ஈரமுறிஞ்சிகள் இரண்டு.
பெசன்ட் நகரில் ஒரு வீட்டு பியானோவுக்காக
ஆறு வருஷம் ஓடியவையாம்.
'இருபது லிட்டர்' என்று நெற்றியில் ஒட்டியிருந்தது.
அது முப்பது டிகிரியில்,
காற்றே சொதசொதக்கும் அறையில்.
காயக் காயப் பாதிகூடக் குடிக்காது,
அதனால் இரண்டாகவே வாங்கு என்று
சொன்னது நான்தான்.
எழுதி வைக்கிறேன், பிறகு மறுக்கக் கூடாது.

ஓடும்போது ஆளுக்கு நானூறு வாட்.
கிளம்பும்போது நாலு மடங்கு கேட்கும்.
சாயங்காலம் ஆறுக்கு ஐஸ் கம்பெனி மோட்டார் எழுந்தால்
எங்கள் பல்பு மஞ்சள் பூசிக்கொள்ளும்.
மீட்டரில் நூற்று அறுபத்தெட்டு வோல்ட்.
இரண்டு பெட்டியும் எழ முடியாத எருமைபோல
உறுமும், அடங்கும், மறுபடி உறுமும்.
மூன்றாம் நாள் பியூஸ் போனது,
தெரு விளக்கையும் கூட்டிக்கொண்டு.

லைன்மேன் பூமிநாதன் வந்தார்.
வீட்டு இணைப்பில் என்ன ஓடுது?
துணி காயவைக்கிறோம், என்றாள் பிளாவியா.
லாரிப் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.
நல்ல பெரிய துணி.
வணிக இணைப்புக்கு மனு எழுதினோம்.
ஸ்டெபிலைசர் வாங்கினோம்.
ஒன்று எழுந்து ஐந்து நிமிஷம் கழித்தே
அடுத்தது எழ வேண்டுமென்று டைமர் வைத்தோம்.

பிறகு வாளி நிறைந்தது.
காலையில் ஏழரை, இரவில் ஏழரை.
பதினைந்து! பயமாகக்கூட இருந்தது,
பலகை பிளந்திருக்குமோ என்று
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒரு கீறல் இல்லை.
சந்தோஷத்தில் டீ வாங்கி வந்தேன்.

பதினோராம் நாள்
மாதிரித் துண்டை நகைக்கடைத் தராசில் வைத்தோம்.
குறைந்தது ஒரு சொச்சம்.
பிளாவியா ரசீதைத் திருப்பினாள்.
பதினொன்று பெருக்கல் பதினைந்து,
நூற்று அறுபத்தைந்து.
மரத்தில் இருந்ததே நூற்றைம்பத்து மூன்று.

கொஞ்ச நேரம்
மெஷின் சத்தம் மட்டும்.

அவள் விரலை வாளியில் விட்டு
நாக்கில் வைத்தாள்.
உப்பில்லை, இரும்பு வாடை, என்றாள்.
ஆனாலும் இது அதுதான்.

பெட்டியின் தரையில், மூலையில்,
ஐஸ் உருகி வழிய வைத்த ஓட்டை.
குனிந்து கையை வைத்தேன்.
கொண்டல் உள்ளங்கையை நக்கியது.
பதினோரு நாளாக, மீட்டர் சுற்றச் சுற்ற,
யூனிட்டுக்கு இவ்வளவென்று கொடுத்து
கடலைக் காயவைத்திருக்கிறோம்.
தேங்காயளவுகூட வற்றியிருக்காது.

சைக்கிள் ட்யூப், கதவுக்குப் புது ரப்பர்,
ஓட்டைக்கு எம்-சீல்.
ஒரு மெஷினை அணைத்துவிட்டோம்.
மறுநாள் வாளியில் ஐந்தே லிட்டர்.
இத்தனை குறைந்த தண்ணீருக்கு
யாரும் இப்படிக் கைதட்டியிருக்க மாட்டார்கள்,
அதுவும் குடம் பன்னிரண்டு ரூபாய் விற்கும் ஊரில்.

இருபத்து நாலு நாளில் பன்னிரண்டு சதவீதம்.
பூவரசு தட்டினால் பாத்திரம்போலப் பேசியது.
முதல் அலமாரி பூமிநாதன் வீட்டுக்கு,
கழிவு விலையில், காரணம் கேட்காதீர்கள்.

நேற்று போன் செய்தார்.
கதவு நெளியவில்லையாம், இழைப்பு அருமையாம்.
ஆனால் தெருப் பூனை மூன்றும்
அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கின்றனவாம்.
உள்ளே என்னம்மா வைத்து அனுப்பினீர்கள்?

போனைப் பிளாவியாவிடம் நீட்டினேன்.
அவள் இழைப்புளியை எடுத்துக்கொண்டு
திரும்பிக்கொண்டாள்.